சக்கரத்தின் மேல் உட்கார்ந்து ஒரு டீ

ஹெரால்டின் பானெட்டைத் திறக்கும் விதமே தனி. கதவுக்கு முன்னால் இரு பக்கமும் இருக்கும் கொக்கிகளை விடுவித்து, கண்ணாடிப் பக்கத்து விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் ஹெட்லைட், மட்கார்டு, கிரில் எல்லாம் சேர்ந்து வண்டியின் மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழும். நடுவில் என்ஜின் நிற்கும். இரண்டு பக்கமும் முன்சக்கரங்கள் மறைப்பில்லாமல் தெரியும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். இடது டயர் மேல் நான், வலது டயர் மேல் என் அக்கா மகன், பேட்டரிப் பக்கத்துத் தகட்டின் மேல் இரண்டு டீ கிளாஸ்.

வண்டி அவனுடைய அப்பாவழித் தாத்தா ஓட்டியது. நாலு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பத்து வருஷம் ஷெட்டில் கிடந்ததை வெளியே எடுத்து, என்ஜினை ஓடவைத்து, பெயின்ட் அடித்து முடித்துவிட்டான். ஓட்டத்தான் பயமாக இருக்கிறதாம். அறுபதைத் தாண்டினால் வண்டி நேராகப் போகாமல் அலைகிறது. ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பிய பிறகுதான் சக்கரம் அசைகிறது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் முன்னால் ‘டொக்’கென்று ஓர் அடி. என்னென்ன மாற்றலாம் என்று போனில் ஒரு பட்டியலே வைத்திருந்தான்.

“பவர் ஸ்டியரிங் போட்டுடலாமா மாமா? இல்லன்னா முன்பக்கம் மொத்தத்தையும் கழட்டிட்டு வேற வண்டியோடத வச்சிடலாம்னு ஒருத்தர் சொல்றாரு.”

“டீயக் குடி மாப்ளே. கழட்டுறதுக்கு முன்னாடி அங்க என்ன இருக்குன்னு பாத்துடலாம்.”

அங்கே இருப்பது சாதாரணப்பட்டது இல்லை. 1959இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் டிரையம்ப் ஹெரால்டு வெளிவந்தபோது, அதன் திரும்பும் வட்டம் 25 அடி. லண்டன் டாக்ஸி திரும்பும் அளவு அது. உடல் அமைப்பை வரைந்தவர் இத்தாலியின் மிக்கேலோட்டி. அடியில் இருக்கும் சேஸையும் சஸ்பென்ஷனையும் முன்நின்று செய்தவர் ஹாரி வெப்ஸ்டர். மற்றவர்கள் சேஸே இல்லாத ஒற்றைக்கூடு உடலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். ஸ்டாண்டர்டு-டிரையம்ப் கம்பெனிக்கு உடல் தகடு செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. அதனால் தனிச் சேஸ் போட்டு, உடலைத் துண்டு துண்டாகச் செய்து அதன்மேல் பூட்டினார்கள். அப்படிப் பூட்டுகிற வண்டி என்பதால் வெளிநாடுகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் எளிதாயிற்று. 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதைச் செய்யத் தொடங்கியது. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்த தாம்பரம் வீட்டிலிருந்து, அந்தத் தொழிற்சாலை இருந்த வண்டலூர் ஏழெட்டு கிலோமீட்டர்தான். நாலு கதவு வைத்த ஹெரால்டு வேறெந்த நாட்டிலும் கிடையாது, நமக்கென்றே செய்தது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த வண்டிக்கு அப்போதே ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங். இன்றைய புதுக் கார்களிலும் அதே முறைதான். முன்சக்கரம் ஒவ்வொன்றும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங்குக்குள் ஷாக் அப்சார்பர் என்று தனித்தனியாக ஏறி இறங்கும். எடை 800 கிலோவை ஒட்டித்தான். புதிதாக இருந்தபோது பெண்களும் வயதானவர்களும் ஒரு கையால் திருப்பிய ஸ்டியரிங் இது. இன்று கனமாகவோ தளர்வாகவோ இருந்தால், நடுவில் ஏதோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்ததைத் தேடிப் பிடிக்காமல் அதன்மேல் மோட்டாரைப் பொருத்தினால், தேய்மானம் அப்படியே இருக்கும். கைக்குத் தெரியாமல் மட்டும் போய்விடும். கைக்குத் தெரிவதுதான் இப்போது நமக்கு இருக்கும் ஒரே எச்சரிக்கை.

முதலில் தளர்வு எங்கே என்று பார்க்க வேண்டும். பட்டறையில் இதற்குப் ‘பிளே’ என்று பெயர். இதைப் பார்க்க இரண்டு பேர் போதும், கருவி எதுவும் வேண்டாம். வண்டி தரையில் தன் காலில் நிற்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஒரு விரற்கடை ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். இன்னொருவர் ஸ்டியரிங் தண்டு கீழே முடியும் இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். கண்ணை விட விரல் நன்றாகச் சொல்லும். இணைப்பின் இரண்டு பக்கமும் விரல் படுகிற மாதிரி பிடித்தால், ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் தாமதமாக அசைவது தெரிந்துவிடும்.

அவனை உள்ளே உட்காரச் சொல்லிவிட்டு நான் விரலை வைத்தேன். தண்டின் அடியில் ஒரு ரப்பர் இணைப்பு இருக்கிறது. பரவாயில்லை, வெடிப்பு இல்லை. டை ராட் முனைகள் இரண்டும் இறுக்கமாகவே இருந்தன. ராக்கில் கை வைத்ததும் காரணம் கிடைத்துவிட்டது. என்ஜினுக்கு முன்னால் சேஸின் குறுக்கே படுத்திருக்கும் அந்தக் குழாய், ஸ்டியரிங் ஆடும்போதெல்லாம் தானும் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. சக்கரத்தைத் தள்ள வேண்டிய ராக், முதலில் தன் இருக்கையை விட்டு எழுந்து போய்விட்டுத்தான் சக்கரத்தைத் தள்ளுகிறது. அந்த இரண்டு விரற்கடை இங்கேதான் காணாமல் போகிறது.

ராக்கை சேஸோடு பிடித்துவைப்பவை இரண்டு ‘யு’ போல்ட்டுகளும் ரப்பர் கட்டைகளும். பழைய என்ஜின் ஒழுக்கும் ஆயில் வருஷக்கணக்காக அதன்மேல் படும். ரப்பருக்கு ஆயில் ஆகாது. ஊறி உப்பி, கடைசியில் பிசைந்த களிமாவாகிவிடும். எடுத்துக் காட்டியபோது அவன் கட்டைவிரலால் அழுத்தினான். விரல் பதிந்த தடம் அப்படியே நின்றது.

இதற்கு மூன்று வழி இருக்கிறது. புது ரப்பர் போடலாம். பாலியூரித்தேன் போடலாம்; ஆயிலைத் தாங்கும், ரப்பரை விட விறைப்பு. அலுமினியக் கட்டை போட்டு ராக்கை சேஸோடு அசையாமல் பூட்டியும் விடலாம். பந்தயம் ஓட்டுகிறவர்கள் மூன்றாவதைத்தான் போடுவார்கள். கை நினைத்த கணம் சக்கரம் திரும்பும். ஆனால் சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வரும். நம் ஊர் சாலையில் தினமும் ஓட்டப்போகிறவனுக்கு நான் நடுவழியைத்தான் சொல்வேன். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே வண்டி பாதி மாறிவிடும். செலவும் அவன் வைத்திருந்த பட்டியலில் எதை விடவும் குறைவு.

எந்தக் கட்டையைப் போட்டாலும் ராக் தன் பழைய உயரத்தில்தான் உட்கார வேண்டும். இது ஏன் என்பதை அவனுக்குப் புரியவைக்க ஊஞ்சலைத்தான் காட்டினேன். வீட்டு ஊஞ்சலில் ஒரு பக்கச் சங்கிலி நீளம், மறு பக்கச் சங்கிலி குட்டை என்றால் என்ன ஆகும்? நிற்கும்போது பலகை நேராகவே இருக்கும்படி வைத்துவிடலாம். ஆட்டினால் பலகை கோணும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம் ஒரு வளைவில் ஆடுகிறது. டை ராட் இன்னொரு வளைவில் ஆடுகிறது. இரண்டும் ஒத்துப்போகும்படி ராக்கின் உயரத்தையும் நீளத்தையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ராக்கை அரை அங்குலம் தூக்கி வைத்தாலும், வேகத்தடையில் ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். வேறு வண்டியின் ராக்கைக் கொண்டுவந்து இடம் கிடைத்த இடத்தில் வெல்டிங் வைப்பவர்களின் வண்டி மேட்டுப் பள்ளத்தில் குதிரை மாதிரி துள்ளுவது இதனால்தான். முன்பக்கம் மொத்தத்தையும் மாற்றிவிடலாம் என்று சொன்ன அந்த நண்பருக்கும் இதுதான் என் பதில்.

இதுவரை சொன்னது சுகத்துக்காக. இனிச் சொல்லப்போவது உயிருக்காக. அவனைக் கீழே குனியச் சொல்லிக் கீழ் ஆர்மின் நுனியைக் காட்டினேன். ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்கும் நெட்டுக்குத்தான இரும்புத் தூணுக்கு வெர்டிகல் லிங்க் என்று பெயர். அதன் மேல்முனையில் பால் ஜாயின்ட். கீழ்முனையில் பால் ஜாயின்ட் கிடையாது. அங்கே மரை வெட்டி, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி விட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஊறுகாய் ஜாடியின் மூடி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது தூண் அந்த மரைக்குள் திருகிக்கொண்டு ஏறும், இறங்கும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒடித்தாலும் கால் சுற்றை ஒட்டித்தான் வரும். இடது பக்க மரையும் வலது பக்க மரையும் எதிரெதிர்த் திசை. ஒன்றை மற்றதற்குப் போட முடியாது.

எளிய, உறுதியான ஏற்பாடு. காலின் சாப்மன் 1962இல் லோட்டஸ் எலானைக் கொண்டுவந்தபோது, முன்சக்கரத்துக்கு இந்த டிரையம்ப் தூணையும் டிரன்னியனையும்தான் எடுத்துக்கொண்டார். திருப்பத்தில் எலான் போகிற அழகைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அந்த அழகில் இந்த வெண்கலக் கட்டைக்கும் பங்கு உண்டு. ஆனால் அது ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறது: அதற்குள் கியர் ஆயில் விட வேண்டும். ஈ.பி. 90 ஆயில். கிரீஸ் கூடாது.

நம் மெக்கானிக்குகளின் கை அம்பாசடரின் கிங் பின்னுக்கு கிரீஸ் அடித்துப் பழகிய கை. நிப்பிளைக் கண்டால் கிரீஸ் துப்பாக்கியைத்தான் எடுப்பார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. மற்ற வண்டிகளுக்கு அதுதான் சரி. ஹெரால்டின் மரைக்குள் கிரீஸ் போனால் என்ன ஆகிறது? உறைந்த நெய்யை வாய் குறுகிய சீசாவுக்குள் தள்ளிப் பாருங்கள். தள்ளின இடத்திலேயே நிற்கும். மரையின் பள்ளங்களில் ஏறி மேல்வரை போகாது. கொஞ்ச நாளில் காய்ந்து மெழுகாகி வழியை அடைத்துவிடும். மேல்முனையில் ஆயில் இல்லாத இடத்தில் மழைத் தண்ணீர் புகும். வெண்கலத்துக்குத் துரு இல்லை; இரும்புத் தூணுக்கு உண்டு. மரையின் பள்ளம் ஒவ்வொன்றும் ஏற்கனவே ஒரு வெட்டு. அதில் துரு அரித்தால் அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால், கல்யாண மண்டபத்து வாசலில் என்னுடைய ஹெரால்டை ஒடித்துப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தேன். ‘டக்’ என்று தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். இடது பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிக் கிடக்கிறது. தூண், டிரன்னியனுக்கு மேல்விளிம்பில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். முக்கால் பங்கு பழுப்பு; மாசக்கணக்காகத் துருவேறிய பழைய விரிசல். கால் பங்குதான் வெள்ளி மாதிரி மின்னியது. அன்று உடைந்தது அவ்வளவே. அந்தக் கால் பங்கு இரும்பை நம்பித்தான் முந்தின நாள் இரவு குழந்தைகளோடு திண்டிவனத்திலிருந்து எழுபதில் வந்திருந்தேன். அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் சர்வீஸ் விட்டிருந்தேன். எல்லா நிப்பிளிலும் கிரீஸ் பளபளவென்று பிதுங்கி நின்றது; அதைப் பார்த்து நானும் திருப்திப்பட்டேன்.

பெரும்பாலும் மெதுவாக, முழுக்க ஒடிக்கும்போதுதான் இது முறியும். முழுத் திருகலும் வண்டிப் பாரமும் அந்த நேரத்தில்தான் தூணின் மேல் சேர்கின்றன. எப்போதும் அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அதனால் அவனுடைய பட்டியலில் முதல் வரியாக இதை எழுதச் சொன்னேன்: இரண்டு தூண்களையும் கழற்றி, டிரன்னியனிலிருந்து திருகி வெளியே எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்க்க வேண்டும். மரையில் துரு வளையம் தெரிந்தால் தயக்கமே இல்லை, புதுசு போட வேண்டும். சுத்தமாகத் தெரிந்தாலும் விரிசல் சோதனை செய்துவிடுவது நல்லது. சிவப்புச் சாயத்தை அடித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பூச்சை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடாக எழுந்து வரும். தூணுக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. டிரன்னியன் தேய்ந்திருந்தால் நல்ல லேத் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்துகொள்ளலாம். மரை தெரிந்த கை என்றால் அதில் பயமில்லை. திரும்பப் பூட்டும்போது கடைசி வரை திருகிவிட்டுக் கொஞ்சம் பின்னால் விட வேண்டும். முழு இறுக்கத்தில் விட்டால் ஒடிக்கும்போது மரை முட்டிக்கொண்டு நிற்கும்; அந்த முட்டலே தூணை முறிக்கப் போதும்.

டிரன்னியனே இல்லாமல் செய்துவிடும் செட்டும் வெளிநாட்டில் கிடைக்கிறது. கீழேயும் மூட்டு வைத்த, மரையில்லாத ஏற்பாடு. ஆயில் விட வேண்டிய வேலையே இல்லை. அவன் பட்டியலில் அதுவும் இருந்தது, நட்சத்திரக் குறியோடு. நல்ல பொருள்தான். வருஷத்தில் நாலு தடவை கீழே குனிய முடியாதவர்கள், வண்டியை வேறு கைகளில் விட்டே ஆக வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். தானே குனியக்கூடிய இருபத்தெட்டு வயசுப் பையனுக்கு எதற்கு? கம்பெனிக் கையேட்டில் ஆறாயிரம் மைலுக்கு ஒருமுறை ஆயில் விடச் சொல்லியிருந்தார்கள். நம் மழைக்கும் புழுதிக்கும் நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடுவேன். மழைக்காலம் முடிந்ததும் கூடுதலாக ஒருமுறை.

அடுத்தது அந்த ‘டொக்’. அது ஆர்ம்களின் புஷ். இரும்புக் குழாய்க்குள் ரப்பர், ரப்பருக்குள் இன்னொரு குழாய். ஆர்ம் ஏறி இறங்கும்போது உள்ளே எதுவும் உருளாது. ரப்பரே முறுக்கிக்கொண்டு கொடுக்கும், பிறகு திரும்பும். இது தெரியாததால் புதுப் புஷ் போட்ட வண்டிகள் ஆறே மாதத்தில் திரும்பி வருகின்றன. ஜாக்கியில் வண்டி நிற்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ரப்பருக்கு ‘நேர்’ என்று ஆகிவிடும். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், ஓடாத நேரத்திலும். ஈரத் துணியைப் பிழிந்து பிடித்துக்கொண்டே இருப்பது மாதிரி. சீக்கிரம் கிழியும். போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்து, முன்னால் இரண்டு குலுக்குக் குலுக்கிய பிறகு, அந்த நிலையில் படுத்துக்கொண்டு இறுக்க வேண்டும். கஷ்டமான வேலை. பட்டறையில் யாரும் தாமாகச் செய்ய மாட்டார்கள். பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

பாலியூரித்தேன் புஷ்ஷுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது உள்குழாய் மேல் உருளும் வகை. பதிலாக அதற்குரிய சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும், இல்லையென்றால் கிரீச்சிடும். ஆர்ம்களுக்கு அதைப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஸ்பிரிங் விஷயத்தில் மட்டும் அவனோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. முன்னால் இரண்டு அங்குலம் இறக்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்றான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நம் வேகத்தடைகளை வைத்து யோசித்தால் முடியாது என்பது ஒன்று. ஆர்ம்களின் சாய்வு மாறி, ஊஞ்சல் கணக்கு தவறும் என்பது இன்னொன்று. அதைவிடப் பெரிய காரணம் பின்னால் இருக்கிறது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸிலில் ஆடுபவை. குறுக்கே ஒரே லீஃப் பட்டை. வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் எழும்பினால், சக்கரத்தின் அடி உள்ளே மடங்கி, வண்டி திடீரென்று வாலைச் சுழற்றும். முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை. டிரையம்ப் கம்பெனியே இதில் கற்றுக்கொண்டது. இதே பின்பக்க ஏற்பாடு கொண்ட ஸ்பிட்ஃபயர் காரில், 1970இல் வந்த மார்க் 4க்கு அந்தப் பின்பட்டையை நடுவில் அசையும்படி மாற்றினார்கள். பின்னால் குறைந்த விறைப்பை ஈடுசெய்ய, முன்னால், திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கினார்கள். பின்னால் செய்த திருத்தத்துக்கு முன்னாலும் கை வைக்க வேண்டியிருந்தது. சென்னையில் வேறு மாதிரி முடிவெடுத்தார்கள்: 1972இல் வந்த கேஸெல் காரில் ஸ்விங் ஆக்ஸிலையே கைவிட்டு, நேரான ஒற்றை ஆக்ஸிலைப் போட்டார்கள். நம் சாலையையும் நம் மெக்கானிக்குகளையும் அறிந்தவர்கள் எடுத்த முடிவு அது. எனக்கு அதில் மரியாதை உண்டு.

அதனால் முன் ஸ்பிரிங் கம்பெனி உயரத்திலேயே இருக்கட்டும். ஷாக் அப்சார்பர் மட்டும் புதுசு, நாலு சக்கரத்துக்கும் சேர்த்து. ஆன்டி-ரோல் பாரின் ரப்பர்களை மாற்றினாலே போதும்.

டிஸ்க் பிரேக்கைப் பற்றி ஒரு வரி. தாராளமாகப் போடலாம், இங்கிலாந்தில் ஹெரால்டுக்கே டிஸ்க் வந்தது, ஸ்பிட்ஃபயரின் உருப்படிகள் பொருந்தும். தூணைக் கழற்றும்போதே செய்துவிட்டால் வேலை ஒன்றாக முடியும்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். டீக்கடை சைக்கிளைப் பார்த்திருப்போம். முன் ஃபோர்க் நேராக நிற்காமல் கொஞ்சம் பின்னால் சாய்ந்து இறங்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதில் அந்தச் சாய்வுக்கும் பங்கு உண்டு. காரிலும் அதே சாய்வு உண்டு, காஸ்டர் என்பார்கள். திருப்பத்திலிருந்து ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புவது அதனால். சக்கரம் மேலே உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது கேம்பர். சக்கரத்தின் முன்முனை உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பது டோ. ஒரு பெரிய அலைன்மென்ட் சென்டரில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “இந்த வண்டிக்கு டோ மட்டும்தான் சார், கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது” என்று என்னிடம் சொன்னார்கள். உண்டு. கீழ் ஆர்மின் பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் நடுவில் மெல்லிய தகடுகள் செருகியிருக்கும். அவற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் கேம்பரையும் காஸ்டரையும் சரிசெய்ய வேண்டும். ஆர்மைக் கழற்றும்போது எந்த இடத்தில் எத்தனை தகடு இருந்தது என்று சுண்ணாம்புக் கட்டியால் சேஸ் மேலேயே எழுதிவிட வேண்டும். அவன் போனில் படம் எடுத்துக்கொண்டான். அதுவும் சரிதான்.

டயர் 145/80 ஆர் 13. நம் ஊர் சின்னக் கார்களின் அளவு, எங்கும் கிடைக்கும். அகலமான டயர் போட்டால் முழுக்க ஒடிக்கும்போது உரசும். உரசாமல் இருக்க ஒடிப்பைக் குறைப்பார்கள். அந்த 25 அடி வட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஹெரால்டை எதற்கு வைத்திருப்பது? காற்று பின்னால் அதிகம், முன்னால் குறைவு. எல்லாவற்றையும் ஒரே அளவில் அடிக்கும் பழக்கத்தை பெட்ரோல் பங்க்கில் நின்று தடுக்க வேண்டும்.

பவர் ஸ்டியரிங்கைப் பற்றி அவன் பிறகு கேட்கவே இல்லை.

தூண்களைக் கழற்றுவது அடுத்த வாரம் என்று முடிவாயிற்று. அதுவரை சும்மா விட மனசில்லாமல், ஒரு பழைய கிரீஸ் துப்பாக்கியை மண்ணெண்ணெயில் கழுவி, ஈ.பி. 90 ஆயில் ஊற்றி அவன் கையில் கொடுத்தேன். இடது டிரன்னியனின் அடியில் உள்ள திருகை எடுத்துவிட்டு நிப்பிளைப் பூட்டினான். முதல் நாலு அடிக்கு எதுவும் வரவில்லை. கைப்பிடி கல்லாக நின்றது. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நான் சக்கரத்தை இடமும் வலமும் மெதுவாகத் திருப்ப, அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். மேல் ரப்பர் ஓரத்தில் முதலில் கறுத்துக் காய்ந்த கிரீஸ் புழு மாதிரி நெளிந்து வந்தது. பிறகு காவி நிறத்தில் தண்ணீர், ஒரு தேக்கரண்டி இருக்கும். அதை அவன் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான், நறநறவென்றது. இன்னும் பத்துப் பன்னிரண்டு அழுத்து. பழுப்பு வெளுத்து, கடைசியில் தேன் நிறத்தில் ஆயில் கசிந்து, தூணைச் சுற்றி ஒரு வளையமாக நின்றது.

“வருது மாமா,” என்றான். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போனான்.